இடுப்பில் இருந்தவன்

முதலில் கேட்டது கட்டிலின் முனகல். ஒற்றை ஆள் புரண்டால் அந்தக் கயிற்றுக் கட்டில் கிரிச் என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு பேர் படுத்திருந்து ஒருவர் புரண்டால் கிர்ர்ரீச் என்று இழுத்து, நடுவில் கொஞ்சம் யோசித்து, கடைசியில் கால்மாட்டுச் சட்டத்தில் போய் டொக்கென்று முடிக்கும். முப்பிடாதி கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டு கிடந்தாள். அது இரண்டு பேர் சத்தம். அந்த வளவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான் என்பதால் அடுத்த வீட்டுச் சித்திரைவடிவுக்கும் அது கேட்டது. அவள் சுவரைத் தட்டினாள். "ஏட்டி முப்பிடாதி, யாருட்டி அங்க?" முப்பிடாதியின் தம்பி கொம்பையாவை முந்தின நாள் மத்தியானம்தான் ஓடைக்கரை மயானத்தில் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

அவள் பயப்படவில்லை. எழுந்து உட்கார இடது கையை ஊன்றப் போனாள். கை ஊன்றவில்லை, வழக்கம்போல வளைந்து, வழக்கம்போல ஒரு முதுகைத் தேடி, முதுகு இல்லாத இடத்தில் முதுகின் கனத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. இடுப்பு தானாக இடது பக்கம் தள்ளி இடம் கொடுத்தது. எழுந்து நின்றபோது கொம்பையா இடுப்பில் இருந்தான். உடம்பு இல்லை, உடம்பின் சூடு இல்லை, கடைவாயில் வழிகிற எச்சில் இல்லை, தோளில் முகத்தைத் தேய்த்து ம்ங்ஆ என்று கூப்பிடுகிற குரல் இல்லை. கனம் மட்டும் இருந்தது, நேற்றைக்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே, குறையாமல் கூடாமல்.

"போகலையாய்யா நீ?" என்று கேட்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டாள், ஒற்றைக் கையால்தான். தம்பி பிறந்த நாள் முதலாக அவள் எல்லாவற்றையும் ஒற்றைக் கையால்தான் செய்துவருகிறாள்.

கொம்பையா பிறந்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது. அழாமல் பிறந்த பிள்ளை. கழுத்து நிற்கவில்லை, கால் ஊன்றவில்லை, பேச்சு வரவில்லை. ஆத்தாள் அவனை மகளின் இடுப்பில் கொண்டுவந்து வைத்து, "கொஞ்ச நேரம் வச்சிரு, சோறு வடிச்சிட்டு வாரேன்" என்று போனாள். சோறு வடித்தாள், அடுத்த நாளும் வடித்தாள், பல வருசம் வடித்தாள், ஒருநாள் அடுப்படியிலேயே சாய்ந்து செத்தும் போனாள். கொம்பையா இடுப்பை விட்டு இறங்கவில்லை. எட்டு வயதுப் பையன் அளவுக்கு வளர்ந்து, அதோடு போதும் என்று அவன் உடம்பு நிறுத்திக்கொண்டது. ஆனால் வயது நிற்கவில்லை. குரல் உடைந்தது. மார்பில் ரோமம் வந்தது. மீசை வந்தது.

மீசை வந்ததில் அவனுக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் முப்பிடாதி வெந்நீர் வைத்து, அவன் தலையைத் தன் தொடையிடுக்கில் அசையாமல் பிடித்து, தாடியைச் சிரைத்துவிடுவாள். கத்தி மேலுதட்டுப் பக்கம் வந்தால் போதும், உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவான். தாடி போகலாம், மீசை இருக்க வேண்டும். சிரைத்து முடித்ததும் கண்ணாடியைக் காட்டவேண்டும். பார்த்துவிட்டு, கோணிக்கொண்டு போகிற கையை ரொம்பப் பாடுபட்டு மேலே கொண்டுவந்து, மீசையைத் தொட்டும் தொடாமலும் ஒரு தடவு தடவிவிட்டுச் சிரிப்பான்.

நல்ல பிள்ளை என்று அவனைச் சொல்லிவிட முடியாது. பிடிக்காதவர்களைக் கடிப்பான். மண்ணெண்ணெய் வாசனைக்கு மயங்குவான். எழவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டால் அவனுக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும். அதற்காகவே முப்பிடாதி எந்தத் துட்டிக்கும் போகாமல் ஊரில் கெட்ட பேர் வாங்கினாள். ரயில்வே கேட் அடைத்திருக்கும் நேரத்தில் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், ரயில் வந்து போய், கேட்டைத் திறந்து, வண்டியெல்லாம் கலைந்த பிறகும் வாயைத் திறந்தபடி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஊரில் அவனுக்குச் சூம்பன் என்று பேர். அவளுக்குப் பேரே இல்லாமல் போயிற்று. சூம்பன் அக்கா, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் அவள் இடுப்பைப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, நல்ல நாள் பார்த்துச் சொல்லுதோம் என்று போனார்கள். அவள் பீடி சுற்றினாள். அவன் அவள் தொடையில் சாய்ந்து கிடந்து, இலை நறுக்கும் சத்தத்துக்குக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருப்பான்.

மார்ச்சளி வந்து, இரண்டே நாளில் போய்விட்டான். சித்திரை மாதத்து உச்சி வெயில். தெருத் தலைவர் பரமார்த்தலிங்கம் வந்து எட்டிப் பார்த்தார். பாடை கட்டவேண்டுமென்றால் மூங்கில் வெட்ட ஆள் அனுப்பவேண்டும், மேளத்துக்குச் சொல்லவேண்டும், நாலு பேர் தோள் கொடுக்கவேண்டும். ஆம்பிளைகள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். "சின்ன உடம்புதான. கல்யாணம் காச்சின்னு ஒண்ணும் ஆகல்ல. பச்சப்புள்ளையக் கொண்டுபோற மாதிரி கையிலயே கொண்டுபோயிருவோம்" என்றார். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை செத்தால் அங்கே பாடை கிடையாது, மேளம் கிடையாது. ஒரு ஆள் துண்டில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். மார்க்கெட்டில் மூடை தூக்குகிற ஐயம்பெருமாள் புதுத்துண்டில் அவனைச் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். முப்பிடாதி தெருமுக்கு வரைக்கும்கூடப் போகவில்லை. அவளுக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த இரவு மட்டும்தான் அவளுக்கு இடுப்பு லேசாக இருந்தது. விடிந்ததும் கட்டில் முனகிவிட்டது.

விசயம் தெருவுக்குத் தெரிந்தது பஸ்ஸில்தான். சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுக்க அவள் டவுன் பஸ் ஏறியபோது வண்டி இடது பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்ந்தது. கண்டக்டர் குத்தாலம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எக்கா, ஒனக்கு மகளிர் இலவசம். அது சரி. இடுப்புல இருக்கவன் ஆம்பளைல்லா? அவனுக்குச் சீட்டு எடுக்கணுமே."

"அவனுக்குப் பாஸ் இருக்குல."

"பாஸ் ஆளுக்குக்கா. ஆள் போயாச்சு. கனத்துக்கு எப்படி பாஸு செல்லும்?"

பின்சீட்டில் இருந்த கிழவர் ஒருவர் கொதித்துப்போனார். "ஏல குத்தாலம், ஒடம்போட வந்தப்ப இலவசம், ஒடம்பில்லாம வந்தா காசா? இது எந்த ஊரு நியாயம்ல?"

"அதுக்கில்ல தாத்தா, செக்கிங் வந்தா நான் எந்த ஆளைக் காட்ட?"

"வண்டி சாயுதுல்லா, அதைக் காட்டு" என்றார் டிரைவர். அதோடு பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து அவள் பஸ் ஏறினால் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டுவிட்டார்கள். கூட்டமான நாளில்கூட அதில் யாரும் உட்காரவில்லை. தெரியாமல் உட்காரப் போன வெளியூர்க்காரர்களிடம், "அங்க ஆள் இருக்கு, தள்ளி நில்லுங்க" என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா எடை மெசினில் ஏறச் சொல்லி முள்ளைப் பார்த்தாள், இறங்கச் சொல்லிவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். படம் எடுத்ததில் எலும்புதான் தேய்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. "வலிக்கு மாத்திரை எழுதுறேன். கொஞ்சம் எறக்கி வச்சிட்டு உக்காருங்கம்மா, நின்னுட்டே இருக்கீங்க" என்றாள். "எறங்க மாட்டான் டாக்டரம்மா" என்றாள் முப்பிடாதி. கோயிலில் சாமியாடுகிறவர் திருநீற்றை எடுத்துக்கொண்டு வந்து, அவள் இடுப்புப் பக்கம் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, திருநீற்றைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டார். "பேயின்னா வெரட்டலாம் தாயி. இது வெறும் பாரம். பாரத்தை என்ன சொல்லி வெரட்ட?"

இப்படியே போயிற்று. வைகாசி பிறந்தது. மாவரைக்கும் மெசினிலும் ரேசன் கடையிலும் முதல் வாரம் இதைத்தான் பேசினார்கள். பிறகு பருப்பு விலையைப் பேசினார்கள்.

ஒருநாள் சாயந்திரம் முப்பிடாதி வாசப்படியில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் நின்றுகொண்டே இருந்தாள். இடது முழங்கால் வீங்கியிருந்தது. சித்திரைவடிவு முறுக்கு மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, "கொண்டாட்டி. நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்" என்றாள்.

"எதை?"

"ஒன் தம்பியத்தான்."

முப்பிடாதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, பெண்கள் பிள்ளையை மாற்றிக்கொள்கிற மாதிரி, இடுப்போடு இடுப்பை ஒட்டி நின்று ஒரு தள்ளுத் தள்ளினாள். சித்திரைவடிவு தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ ஆத்தா! இம்புட்டாட்டி? இதையா ஒருத்தியா வச்சிக்கிட்டுத் திரிஞ்ச?"

விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் அவள் வைத்திருந்தாள். விளக்கு வைத்ததும் கனம் தானாக முப்பிடாதியிடம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு நாளும் இதேதான். பகலில் யார் கேட்டாலும் போகும், விளக்கு வைத்தால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

தெரு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நாளுக்குள் சேர்த்துக்கொண்டது. காலையில் சித்திரைவடிவு. பதினோரு மணிக்கு மேல் எதிர்வீட்டு மருமகள். வயிற்றில் தங்காமல் கலைந்துபோனதிலிருந்து யாரிடமும் பேசாமல் கிடந்தவள், கொம்பையாவை இடுப்பில் வைத்துக்கொண்டால் மட்டும் கோழிக்குத் தவிடு பிசைந்தாள், நாலு வார்த்தை பேசினாள். மத்தியானம் பெட்டிக்கடைக்காரர், "கல்லாவுல இருக்கட்டும், துணையா இருக்கும்" என்று வாங்கிப் போவார். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக் காட்டினார். பிள்ளைகள் வெளிநாடு போன வீட்டில், கணவன் குடித்துவிட்டு வருகிற வீட்டில், மனசு பாரமாக இருந்தால், போய்க் கொஞ்ச நேரம் கொம்பையாவை வாங்கிட்டு வா என்று சொல்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்தக் கனத்தை வாங்கினால் தங்கள் கனம் எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றார்கள். சூம்பன் என்ற பேர் எப்போது போனதென்று யாருக்கும் ஞாபகம் இல்லை. "கொம்பையா இப்பம் யார் வீட்ல?" என்று வாய் நிறையக் கேட்டார்கள்.

முப்பிடாதிக்குப் பகல் முழுக்கக் கை சும்மா கிடந்தது. இரண்டு கையாலும் பீடி சுற்றலாம், காலை நீட்டிப் படுக்கலாம். அவள் படுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், "கழுத்தைப் பிடிச்சிக்கோங்க", "வெயில்ல காட்டாதீங்க", "அந்தப் பக்கம் சாச்சா மூச்சு முட்டும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கனத்துக்கு ஏது கழுத்து என்று யாரும் கேட்கவில்லை, சரி சரி என்று கையை மாற்றி வைத்துக்கொண்டார்கள். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"உயிரோட இருக்கையில ஒருநாளாச்சும், ஒரே ஒருநாளாச்சும், கொண்டா நான் வச்சிருக்கேன்னு எவளாவது கேட்டியளாட்டி?"

சித்திரைவடிவு சண்டைக்கு வரவில்லை. "எச்சி வடியும்லாட்டி. கடிப்பான்லா. இப்பம் கடிக்க மாட்டான்" என்றாள். பிறகு, "கேட்டிருக்கணும்தான்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு முறுக்கு பிழியப் போய்விட்டாள்.

பகலை ஊர் பகிர்ந்துகொண்டது. இரவு அவளுடையது. கட்டில் இரண்டு பேர் சத்தம் போட்டது. புரண்டு படுக்க முடியவில்லை. முழங்கால் வீக்கம் இடுப்புக்கு ஏறியது. காலையில் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தவள், பிறகு சித்திரைவடிவைப் பிடிக்கவேண்டி வந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை மாத்திரை எழுதவில்லை. "இப்படியே போனா நடக்க முடியாமப் போயிரும். அப்ப உங்களை யாரு தூக்குவா?" என்று கேட்டாள். முப்பிடாதி வரும் வழியெல்லாம் அதை யோசித்தாள். தான் படுத்துவிட்டால் இரவில் அவன் யாரிடம் போவான் என்று யோசித்தாள். அவனாகப் போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தாள். நினைத்த உடனே இடது கை கனத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எத்தனை இரவு, சளியில் அவன் தூங்காமல் கத்திய எத்தனை இரவு, சாமி இவனை எடுத்துக்கோ, இல்ல என்னை எடுத்துக்கோ என்று அவள் கேட்டிருக்கிறாள். சாமி பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் பழக்க தோசத்தில் வெந்நீர் வைத்துவிட்டாள். கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் சிரைக்க முகம் இல்லை என்று ஞாபகம் வந்தது. வெளியே வாசப்படியில் சித்திரைவடிவு கனத்தை மடியில் போட்டுக்கொண்டு, முழங்காலை ஆட்டி ஆட்டி, வந்திருந்த ஐயம்பெருமாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூடை தூக்கும் அந்த மனுசர் அத்தனை நாளும் கொம்பையாவைக் கேட்டு வந்ததே இல்லை. "நீரும் வச்சிப் பாரும் அண்ணாச்சி. பச்சப்புள்ள கணக்கா அப்படியே ஒறங்குதான். ராரோ ராரோன்னா போதும்."

முப்பிடாதி கத்தியோடு வெளியே வந்தாள்.

"யாருட்டி பச்சப்புள்ள?"

"என்னட்டி கத்தியத் தூக்கிட்டு வார?"

"யாரு பச்சப்புள்ள? அவனுக்கு முப்பத்தாறு வயசு. மீசை வச்ச ஆம்பள. அதைத் தொடவுட மாட்டான் என்னைய. பஸ்ஸுல சீட்டு கேட்டானே குத்தாலம், அவனுக்குத் தெரியுது இவன் ஆம்பளன்னு, ஒங்களுக்கெல்லாம் தெரியல்லியா? தொட்டிலு, ராரோ! அன்னைக்கும் அப்படித்தான் துண்டுல சுருட்டிக்கிட்டுக் கொண்டு போனிய..."

சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். சித்திரைவடிவு முழங்காலை ஆட்டுவதை நிறுத்தினாள். ஐயம்பெருமாள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தாயி, நானும் இதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லாம சோறு எறங்கல்ல. அன்னைக்கு நான் தூக்கிட்டுப் போனேன்லா. கையில ஒண்ணுமே இல்ல தாயி. துண்டுதான் கனத்துச்சு. வெறுங் கோணிக்கும் நெல்லு மூடைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? சீக்குல கரைஞ்சிட்டான் போலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அவர் வாசப்படியைப் பார்த்தார். "அவன் எங்ககூட வரவேயில்ல தாயி. கைப்புள்ளையா வர மாட்டேன்னு இங்கனயே நின்னுக்கிட்டான்."

வெந்நீர் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. முப்பிடாதி கத்தியை மடக்கிவிட்டு, சித்திரைவடிவின் மடியிலிருந்து தம்பியை இடுப்புக்கு வாங்கிக்கொண்டாள்.

மூன்று பேருமாகப் பரமார்த்தலிங்கத்தைப் பார்க்கப் போனார்கள். அவர் அரிசிக் கடையில், மீசையைப் பல்லில் கடித்தபடி சாக்குக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் முன்பே கையை ஆட்டினார்.

"பொதைச்ச உடம்புக்கு மறுபடி பாடையா? வெறும் பாடை தெருவுல போகப்படாது முப்பிடாதி. போனா ஆள் கேக்கும். நாளைக்கு எவனுக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"வெறும் பாடை இல்ல அண்ணாச்சி. ஆள் இருக்கு."

"எங்க இருக்கு?"

முப்பிடாதி நொண்டிக்கொண்டே கல்லாவைச் சுற்றிப் போய், குனிந்து, அவர் மடியில் தம்பியை வைத்தாள். நாற்காலி முனகியது. பரமார்த்தலிங்கத்தின் கையிலிருந்த கோணி ஊசி கீழே விழுந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எழுந்திருக்கப் பார்க்கவில்லை.

"இவன் என்னய ஒருதரம் கடிச்சான், தெரியுமா?" என்றார்.

"தெரியும். நீங்க அவனைச் சூம்பன்னு சொன்னிய."

"ம்." அவர் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தார். கடைசியில் ஒன்றை முதுகு இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார், இன்னொன்றை, யாரும் சொல்லாமலே, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார். "வெயிலா இருந்துச்சு முப்பிடாதி. ஆள் இல்ல. சட்டுன்னு முடிச்சிருவோம்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"சரி அண்ணாச்சி."

"நல்ல கனமாத்தான் இருக்கான்."

"ஆமா."

"புதன்கெழமை வச்சிக்கிடுவோம். ஐயம்பெருமாளு, மூங்கிலுக்கு ஆள் அனுப்பு. மேளம், சங்கு எல்லாம் சொல்லிரு. ஒண்ணும் கொறைய வேண்டாம்."

புதன்கிழமை தெருவில் யாரும் வேலைக்குப் போகவில்லை. பச்சை மூங்கிலில் பாடை கட்டி, தென்னங்கீற்று பரப்பி, பூ வாங்கித் தொங்கவிட்டார்கள். கோடித்துணி விரித்தார்கள். பெரிய மனுசன் சாவுக்கு அடிப்பது போல மேளம் அடித்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அவன் எப்போதும் சிரிக்கிற ஒப்பாரியை வைத்தார்கள், வைக்கும்போதே ஒருத்திக்கு அது ஞாபகம் வந்து அழுகையோடு சிரித்துவிட்டாள், அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஐயம்பெருமாள், குத்தாலம், பெட்டிக்கடைக்காரர் மூன்று பேரும் தோள் கொடுக்க வந்து நின்றார்கள். நாலாவது ஆளாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேல்துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, பரமார்த்தலிங்கம் வந்தார்.

முப்பிடாதி இடுப்பில் கனத்தோடு பாடைக்குப் பக்கத்தில் வந்தாள். குனிந்தாள். கை வளைந்தபடியே இருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள்; பிரித்த விரல் மறுபடி மடங்கியது. யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. மேளக்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"தலைமாட்டை இன்னும் கொஞ்சம் ஒசத்திக் கட்டணும்" என்றாள். "படுக்கவச்சா அவனுக்கு நெஞ்செரியும்."

தலைமாட்டுக் கயிற்றை அவிழ்த்து உயர்த்திக் கட்டினார்கள்.

"குலுக்காமப் போங்க. குலுக்கினா பயப்படுவான்."

"குலுக்கல்ல தாயி."

"ரயில்வே கேட் வழியா போங்க. சுத்துன்னு பாக்காதிய. கேட் அடைச்சிருந்தா நின்னு, ரயில் போன பிறகு போங்க."

"சரி தாயி."

வேறு என்ன சொல்லலாம் என்று அவள் தேடினாள். சொல்வதற்கு இருந்ததெல்லாம் முடிந்துபோயிருந்தது. "எய்யா, ஆம்பளையாப் போயிட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இடுப்பைச் சாய்த்து வைத்தாள். மூங்கில் முழுநீளத்துக்கும் நெரிந்து ஒரு முனகல் முனகியது. நாலு பேரும் குனிந்து தோளில் ஏற்றினார்கள். ஏற்றும்போது நாலு பேர் முழங்காலும் மடிந்து நிமிர்ந்தது. எட்டு வயசுப் பையன் கனம் இல்லை அது. ஒரு முழு ஆளின் கனம். மேளம் எழுந்தது.

முப்பிடாதி நிமிர்ந்தாள். நிமிர்ந்த வேகத்தில் வலது பக்கமாகச் சாய்ந்து விழப் போனாள். சித்திரைவடிவு தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். இடது பக்கம் அத்தனை லேசாக இருந்தது. காற்று அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருந்தது. இரண்டு அடி வைத்தாள். அதுவும் கோணலாகத்தான் போயிற்று. தெருமுக்கு வரைக்கும் அப்படியே கோணிக்கொண்டு போனாள்.

பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. முக்கில் நின்றார்கள். நாலு பேரும் சின்ன அடியாக, ஒரே காலாக வைத்து, குலுக்காமல் போனார்கள். சுருக்கு வழி ஓடைப் பக்கமாக இருக்க, பாடை இடது கைப் பக்கம் ரயில்வே கேட்டுக்குத் திரும்பியது. கேட் அடைத்திருந்தது போலிருக்கிறது. மேளம் அங்கே நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் ஒன்று போய் முடிந்தது. அதற்குப் பிறகும் மேளம் தொடங்கவில்லை. அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் மறுபடி ஒலித்து, தூரமாகி, ஓடையின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

"அழுட்டி" என்றாள் சித்திரைவடிவு.

"அலுப்பா இருக்கு" என்றாள் முப்பிடாதி.

குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது தெருக்குழாயில் காற்று சீறியது. யாரோ, "தண்ணி வந்துட்டு!" என்று கத்தினார்கள். நாலு நாளாக வராத தண்ணீர். காலையிலேயே குடங்களை வரிசையில் போட்டுவிட்டுத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். ஈரச் சேலையோடு ஓடினார்கள். வரிசை யாருடையது யாருக்கு முன்னால் என்று வழக்கமான சத்தம் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் முப்பிடாதியின் வாளியை யாரோ நகர்த்தி நகர்த்திக் குழாய்க்குக் கீழே கொண்டுவந்திருந்தார்கள்.

"ஏட்டி, ஒன் முறை. வந்து பிடி."

முப்பிடாதி வந்து வாளியை வைத்தாள். பாதி நிறைந்ததும் எடுத்துவிட்டாள். ஒரு கையால் தூக்கமுடிந்ததெல்லாம் இத்தனை காலமும் அரை வாளிதான்.

"நெறையப் பிடிக்கலாம்லாட்டி இனி" என்றாள் சித்திரைவடிவு.

"பிடிக்கலாம்" என்றாள் முப்பிடாதி. அரை வாளியை வலது கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பானையில் ஊற்றிவிட்டு, மிச்சத்துக்குத் திரும்பி வந்து நின்றாள்.